நேரச் சீட்டும் வாசல் நேரமும்

நேரம் குறித்த நுழைவுச் சீட்டு என்பது, இன்ன நாளில் இன்ன நேரத்துக்குள் ஓர் இடத்துக்குள் நுழையலாம் என்று வழங்கப்படும் அனுமதி. அது விலைக்கும் வரலாம், இலவச டோக்கனாகவும் வரலாம். சாதாரணச் சீட்டு பணம் கட்டியதற்குச் சான்று மட்டுமே. வாசல் திறந்திருக்கும் வரை எப்போது வேண்டுமானாலும் அதைக் காட்டி உள்ளே போகலாம். நேரச் சீட்டு அப்படியல்ல. பத்து மணிக்கான சீட்டோடு பன்னிரண்டு மணிக்குப் போய் நின்றால், பல இடங்களில் அது வெறும் காகிதம்.

திருநெல்வேலியிலும் தாமிரபரணிப் படுகையிலும் அரைமணி, ஒரு மணி என்று கூறுபோட்டுச் சீட்டு விற்கும் இடங்கள் அரிது. ஆனால் நேரக் கட்டுப்பாடு இல்லாத இடமும் இங்கே அரிது. காட்டுக்குள் போகச் சோதனைச் சாவடி திறந்திருக்க வேண்டும். கோயிலுக்குள் போக நடை திறந்திருக்க வேண்டும். அருவியில் குளிக்க நீர்வரத்து அளவோடு இருக்க வேண்டும். இங்கிருந்து புறப்பட்டுக் கன்னியாகுமரி, சபரிமலை, திருமலை, கொடைக்கானல் என்று போகிறவர்களுக்கோ டோக்கனும் முன்பதிவும் தவிர்க்க முடியாதவை. இவை எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றே. அது புரிந்தால் எந்த வாசலில் என்ன கேட்பார்கள் என்பது முன்கூட்டியே தெரிந்துவிடும்.

நான்கு வகைக் கட்டுப்பாடு

கூட்டம் கூடும் இடங்களில் நிர்வாகம் கட்டுப்படுத்தக்கூடியவை நான்கு: நுழையும் நேரம், உள்ளே தங்கும் நேரம், ஒரு நாளின் மொத்த எண்ணிக்கை, வாசல் திறந்து மூடும் நேரம். ஒரு சீட்டு இவற்றில் ஒன்றை மட்டும் பிடித்துவைக்கலாம். இரண்டு மூன்றைச் சேர்த்தும் பிடிக்கலாம். எந்தச் சீட்டைக் கையில் வாங்கினாலும், அது இந்த நான்கில் எதைக் கட்டுப்படுத்துகிறது என்று பார்ப்பதுதான் முதல் வேலை.

நுழையும் நேரத்தை மட்டும் கட்டுப்படுத்துவதற்கு ஸ்பெயின் நாட்டின் கிரானடாவிலுள்ள அல்ஹம்ப்ரா அரண்மனைகள் நல்ல எடுத்துக்காட்டு. அங்குள்ள நஸ்ரித் அரண்மனைகளுக்குள் சீட்டில் அச்சிட்ட நேரத்தில் நுழைந்தாக வேண்டும். நுழைந்தபின் எவ்வளவு நேரம் சுற்றிப் பார்க்கிறார்கள் என்பதை யாரும் கணக்கிடுவதில்லை. இத்தாலியின் மிலான் நகரில் லியோனார்டோ டாவின்சி வரைந்த ‘இறுதி இராவுணவு’ சுவரோவியத்துக்கு நுழையும் நேரமும் உண்டு, தங்கும் நேரமும் உண்டு. சிறு குழுவாக உள்ளே விட்டு, 15 நிமிடத்தில் வெளியே அனுப்பிவிடுவார்கள்.

தாஜ்மகாலில் 2018 ஏப்ரல் 1 முதல் தங்கும் நேரத்துக்கு வரம்பு வந்தது. ஒரு சீட்டுக்கு மூன்று மணி நேரம். கொரோனாவுக்காக மூடப்பட்டிருந்த தாஜ்மகால் 2020 செப்டம்பர் 21 அன்று மீண்டும் திறந்தபோது, நாளுக்கு 5,000 பேர், அதிலும் முற்பகலில் 2,500, பிற்பகலில் 2,500 என்று பிரித்தார்கள். அது மூன்றாவது வகை, நாள் எண்ணிக்கை. நான்காவதான வாசல் நேரம், பாபநாசத்திலிருந்து காரையாறு போகும் மலைச்சாலையில் வனத்துறைச் சாவடியிலேயே பார்க்கக் கிடைப்பது.

அடியில் இருக்கும் கணக்கு

இந்த ஏற்பாடுகளுக்கெல்லாம் அடியில் இருப்பது ஒரே பெருக்கல் கணக்கு. ஓர் இடத்துக்குள் ஒரே சமயத்தில் இருக்கும் ஆட்களின் எண்ணிக்கை என்பது, ஒரு மணி நேரத்தில் நுழைவோர் எண்ணிக்கையை ஒருவர் தங்கும் நேரத்தால் பெருக்கினால் வருவது. வரிசைகளை ஆராய்ந்த ஜான் லிட்டில் என்ற அமெரிக்க அறிஞர் 1961-ல் இதற்குக் கணித நிரூபணம் தந்தார். அவர் பெயராலேயே இது லிட்டில் விதி எனப்படுகிறது.

ஓர் அருங்காட்சியகக் கூடத்தில் 300 பேர் நெருக்கடி இல்லாமல் நிற்கலாம் என்று வைத்துக்கொண்டால், ஒருவர் சராசரியாக ஒரு மணி நேரம் பார்க்கும்போது, மணிக்கு 300 பேரை விடலாம். அரைமணிக்கு 150 சீட்டு. அதே ஆட்கள் இரண்டு மணி நேரம் நின்று பார்த்தால் மணிக்கு 150 பேரைத்தான் விட முடியும். கூடத்தைப் பெரிதாக்காமல் அதிகம் பேருக்கு இடம் தர வேண்டுமானால் தங்கும் நேரத்தைக் குறைப்பதைத் தவிர வழியில்லை. தாஜ்மகாலில் வைத்த மூன்று மணி நேர வரம்பின் பொருள் இதுதான்.

குற்றாலத்தில் இந்தக் கணக்கை யாரும் எழுதி வைக்காமலே நடத்துகிறார்கள். அருவிக்கடியில் ஒரே சமயம் 30 பேர் நிற்க இடம் என்றால், ஒருவர் ஆறு நிமிடம் குளிக்கும்போது மணிக்கு 300 பேர் குளித்து வெளியேறலாம். ஒருவர் இருபது நிமிடம் நின்றால் 90 பேர்தான். சீசன் ஞாயிற்றுக்கிழமைகளில் அருவிக்கரைக் காவலர் விசிலடித்து ஆட்களை நகர்த்துவது இதற்காகத்தான். அந்த விசில் ஓயும்போது வரிசை கடைத்தெரு வரை நீண்டுவிடும்.

நேரத்தைக் கூறுபோடுவதில் இன்னொரு நன்மையும் உண்டு. விடுமுறை நாளில் ஆட்கள் சீராக வருவதில்லை. காலை பத்து மணிக்கும் பகல் ஒரு மணிக்கும் இடையே மொத்தமாக வந்து குவிவார்கள். விடியற்காலையும் பிற்பகலும் காலியாகக் கிடக்கும். நாள் முழுவதற்கும் ஒரே சீட்டு விற்றால் இந்தக் குவியல் மாறாது. கூறுகளாக விற்றால், பத்து மணி தீர்ந்தபின் வருபவர் எட்டு மணிக்கோ மூன்று மணிக்கோ நகர்ந்தாக வேண்டும். எண்ணிக்கை கூடாமலே கூட்டம் பரவிவிடுகிறது.

சீட்டு வெளிவரும் முறை

நேரச் சீட்டுகள் பெரும்பாலும் தவணை தவணையாக வெளிவரும். ஒரு பங்கு பல நாட்கள் முன்பே இணையத்தில் திறக்கப்படும்; ஒரு பங்கு முந்தின நாளோ அன்றைக்கோ நேரில் கொடுக்க ஒதுக்கப்படும்; இன்னொரு பங்கு குழுக்களுக்கோ சிறப்புக் கட்டணத்துக்கோ போகும். ரயில் முன்பதிவு பழகியவர்களுக்கு இது புதிதல்ல. பொது ஒதுக்கீடு முன்பே திறந்திருக்க, முந்தின நாள் தட்கல் தனியாகத் திறப்பதைப் போலத்தான் இங்கும் நடக்கிறது. ஆகவே இணையத்தில் ‘தீர்ந்துவிட்டது’ என்று காட்டினால், அந்த நாளுக்கு இடமே இல்லை என்று பொருளாகாது. அந்தப் பங்கு தீர்ந்தது என்றுதான் பொருள்.

பணம் செலுத்தும் பக்கத்துக்குள் போனதும் அந்த இடம் சில நிமிடங்களுக்கு அவருக்கென்று பிடித்துவைக்கப்படும். நேரத்துக்குள் பணம் சேராவிட்டால் அது மறுபடியும் பொதுவுக்குத் திரும்பும். திறந்த உடனே தீர்ந்ததாகக் காட்டிய இடங்கள் பத்துப் பதினைந்து நிமிடம் கழித்து மீண்டும் முளைப்பது இதனால்தான். ஒரு தடவை பார்த்துவிட்டு விட்டுவிடாமல் சிறிது நேரம் கழித்துத் திரும்பப் பார்ப்பது பலன் தரும்.

சீட்டோடு பெயரும் அடையாள எண்ணும் சேர்க்கப்பட்டிருந்தால், வாசலில் அதே அடையாள அட்டையைக் கேட்பார்கள். முன்பதிவின்போது ஆதார் எண் கொடுத்தவர் அந்த அட்டையையே கொண்டுபோவது நல்லது. சீட்டிலுள்ள க்யூஆர் கட்டத்தை வாசலில் ஒரு தடவை ஸ்கேன் செய்ததும் அது பயன்படுத்தப்பட்டதாகப் பதிவாகிவிடும். ஒரே சீட்டின் நகலைப் பலர் கொண்டுவந்தால், முதலில் ஸ்கேன் ஆனவருக்கு மட்டுமே வழி. வெளியே போய்விட்டு மறுபடி நுழைய முடியுமா என்பதும் இதையே பொறுத்தது, பெரும்பாலும் முடியாது.

பாபநாசம், காரையாறு, மணிமுத்தாறு

களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம் 1988-ல் இரண்டு சரணாலயங்களை இணைத்து அமைக்கப்பட்டது. தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம் இதுவே. அகஸ்தியர் அருவி, காரையாறு, சேர்வலாறு, சொரிமுத்து அய்யனார் கோயில், மணிமுத்தாறு அருவி, மாஞ்சோலை ஆகிய எல்லாமே இந்தக் காட்டு வழியில் இருப்பவை. ஆகவே பாபநாசத்திலும் மணிமுத்தாற்றிலும் உள்ள சோதனைச் சாவடிகளைக் கடந்துதான் மேலே போக முடியும்.

இங்கே வாசலைக் கட்டுப்படுத்துவது விலங்குகளின் நேரம். பொழுது சாய்ந்தபின் சாலைகளில் யானையும் சிறுத்தையும் நடமாடும். எனவே காலையில் திறக்கும் சாவடியில் மாலைக்குள் வண்டிகள் கீழே இறங்கியாக வேண்டும். மேலே போவதற்கான கடைசி நேரமும் கீழே இறங்குவதற்கான கடைசி நேரமும் வேறு வேறு. பிற்பகலில் சாவடிக்கு வருபவர் இரண்டையும் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. மேலே விட்டுவிட்டார்கள் என்பதற்காக ஆற அமரக் குளிக்க நேரம் இருப்பதாக ஆகாது.

சாவடியில் பணம் கட்டுவது ஒரு நிமிட வேலை. வண்டியைச் சோதிப்பதுதான் நேரம் பிடிக்கும். பிளாஸ்டிக் பை, மது, சோப்பு, ஷாம்பு ஆகியவை இருக்கின்றனவா என்று பார்ப்பார்கள். விடுமுறை நாளில் முன்னால் இருபது வண்டி நின்றால், ஒரு வண்டிக்கு இரண்டு நிமிடம் என்றாலும் நாற்பது நிமிடம் போய்விடும். சாப்பாட்டை வாழையிலையிலும் தூக்குவாளியிலும் எடுத்து வந்தவர்கள் சோதனையில் தேங்குவது குறைவு. காட்டுக்குள் பல இடங்களில் அலைபேசி சிக்னல் கிடைக்காது என்பதால், இணையத்தில் எடுத்த எந்தச் சீட்டையும் அனுமதிக் கடிதத்தையும் கீழேயே அச்செடுத்தோ படமாகச் சேமித்தோ வைத்துக்கொள்ள வேண்டும்.

மணிமுத்தாற்றிலிருந்து மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று ஏறும் சாலைக்குச் சாவடிச் சீட்டு மட்டும் போதாது. சொந்த வண்டியில் போக வனத்துறையின் முன் அனுமதி வேண்டும். அருவி வரை போகும் சீட்டையும் மாஞ்சோலை அனுமதியையும் ஒன்றென எண்ணி வந்து, அருவியோடு திரும்பியவர்கள் பலர்.

சில நாட்களில் சாவடி எல்லாருக்குமே மூடப்படும். ஆண்டுதோறும் புலிகள் கணக்கெடுப்பு நடக்கும் நாட்களில் சுற்றுலாப் பயணிகளுக்கு அனுமதி இல்லை. கனமழையின்போதும், அணையில் தண்ணீர் திறக்கும்போதும் அருவிகளில் குளிக்கத் தடை வரும். முன்பு காரையாறு அணையிலிருந்து படகேறிப் பாணதீர்த்தம் அருவிக்குப் போய்வந்தார்கள். பிறகு அந்தப் படகுப் போக்குவரத்து நின்றது. பழைய நூல்களையும் பழைய அனுபவங்களையும் நம்பிப் புறப்படக் கூடாது என்பதற்கு இதுவே சான்று.

ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோயிலில் கூடும் கூட்டத்துக்குத் தனி ஏற்பாடு. அண்மை ஆண்டுகளில் அந்த நாட்களில் தனியார் வண்டிகளைக் கீழேயே நிறுத்திவிட்டு அரசுப் பேருந்துகளில்தான் மேலே அனுப்புகிறார்கள். பார்க்கப்போனால் இதுவும் நேரச் சீட்டுதான். எத்தனை பேர் மேலே போகிறார்கள் என்பதைப் பேருந்தின் இருக்கையும் பேருந்து திரும்பிவரும் நேரமும் முடிவு செய்கின்றன.

குற்றாலம்: நீர் தரும் அனுமதி

குற்றாலம் 2019 நவம்பர் 22 முதல் தென்காசி மாவட்டத்தைச் சேர்ந்தது என்றாலும், அங்கே விழும் சிற்றாறு சீவலப்பேரியில் தாமிரபரணியோடு கலக்கிறது. படுகையின் மிகப் பெரிய கூட்டம் சேருமிடம் இதுதான். தென்மேற்குப் பருவக்காற்றோடு ஜூனில் சாரல் தொடங்கினால் ஆகஸ்ட் வரை சீசன். வடகிழக்குப் பருவமழைக் காலத்திலும் அருவிகளில் தண்ணீர் உண்டு.

இங்கே குளிப்பதற்கு நேரம் அச்சிட்ட சீட்டு கிடையாது. அளவான நீர்வரத்து இருந்தால் வரிசையில் விடுவார்கள், அதிகரித்தால் நிறுத்துவார்கள், தணிந்தால் மறுபடி விடுவார்கள். தடை மெயின் அருவிக்கு மட்டும் இருக்கலாம், ஐந்தருவியில் குளிக்க விடலாம். ஆகவே ‘குற்றாலத்தில் தடை’ என்ற செய்தியைக் கேட்டால், எந்த அருவியில் என்று சேர்த்துக் கேட்க வேண்டும்.

எண்ணி விடும் முறையும் இங்கே ஒரு காலம் நடந்திருக்கிறது. கொரோனாக் கட்டுப்பாட்டால் நெடுநாள் மூடியிருந்த அருவிகள் 2021 டிசம்பரில் திறந்தபோது, ஒரே சமயத்தில் ஆண்கள் இத்தனை பேர், பெண்கள் இத்தனை பேர் என்று அருவிக்கு அருவி கணக்கு வைத்து உள்ளே விட்டார்கள். குறைந்த எண்ணிக்கை வைத்ததால் வரிசை நீண்டது. ஆனால் அருவிக்கடியில் நெரிசல் இல்லை. கூட்டத்தை அருவியில் நிற்கவைப்பதா, வரிசையில் நிற்கவைப்பதா என்பதுதான் நிர்வாகத்தின் முன்னால் உள்ள தேர்வு.

2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்தது. திருநெல்வேலியைச் சேர்ந்த 17 வயது மாணவர் ஒருவர் அதில் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தார். மேலே மலையில் பெய்யும் மழை கீழே நிற்பவருக்குத் தெரியாது. காவலரோ அபாயச் சங்கோ வெளியேறச் சொன்ன பிறகு, இன்னும் ஐந்து நிமிடம் என்று நிற்பதற்கு இங்கே இடமில்லை.

கோயில் நடை

படுகையின் மிகப் பழைய நேரக் கட்டுப்பாடு கோயில் நடைதான். பெரும்பாலான கோயில்களில் நண்பகலை ஒட்டி நடை சாத்தி மாலையில் திறப்பார்கள். ஒரு கோயிலுக்கு மட்டும் போகிறவருக்கு இது சிரமமல்ல. நவதிருப்பதியும் நவகைலாயமும் போகிறவர்களுக்கு இதுதான் தலையாய கணக்கு.

நவதிருப்பதி ஒன்பதும் ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி, தென்திருப்பேரை, பெருங்குளம் ஆகிய ஊர்களை ஒட்டி ஆற்றின் இரு கரையிலும் நெருங்கி அமைந்தவை. நவகைலாயமோ பாபநாசத்தில் தொடங்கிச் சேரன்மகாதேவி, கோடகநல்லூர், குன்னத்தூர், முறப்பநாடு, ஸ்ரீவைகுண்டம், தென்திருப்பேரை, ராஜபதி வழியாகச் சேர்ந்தபூமங்கலம் வரை ஆற்றின் நீளத்துக்கும் பரவியவை. முதலாவதை விடியற்காலையில் தொடங்கினால், நடை சாத்துவதற்குள் பெரும்பகுதியை முடித்துவிடலாம். இரண்டாவதில் நண்பகல் இடைவெளி நடுவில் விழுந்தே தீரும். அந்த நேரத்தைச் சாப்பாட்டுக்கும் அடுத்த ஊருக்குப் போகும் பயணத்துக்கும் ஒதுக்குவதே வழக்கம்.

புரட்டாசி சனிக்கிழமைகளில் நவதிருப்பதிக்கும், மார்கழி ஞாயிற்றுக்கிழமைகளில் நவகைலாயத்துக்கும் திருநெல்வேலியிலிருந்து அரசுப் போக்குவரத்துக் கழகம் சிறப்புப் பேருந்துகள் விடுகிறது. நடை நேரத்தைக் கணக்கிட்டே அவை புறப்படுவதால், தனியாகப் போகிறவர்களும் அந்தப் பேருந்து போகும் வரிசையைப் பின்பற்றலாம். சிறு கோயில்களில் ஒரே அர்ச்சகர் இருந்தால், நடை திறக்கும் நேரத்தை முந்தின நாளே கேட்டுவைத்துக்கொள்வது நல்லது.

கன்னியாகுமரிப் படகு

1970 செப்டம்பர் 2-ல் திறக்கப்பட்ட விவேகானந்தர் பாறை நினைவு மண்டபத்துக்கும், 2000 ஜனவரி 1-ல் திறக்கப்பட்ட 133 அடி உயரத் திருவள்ளுவர் சிலைக்கும் பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகத்தின் படகுகளில் போக வேண்டும். பொதிகை, குகன், விவேகானந்தா ஆகியவை பழைய படகுகள். தாமிரபரணி, திருவள்ளுவர் என்று பின்னர் இரண்டு வந்தன. மலையும் ஆறும் கடலில் படகாக ஓடுகின்றன. வழக்கமான நேரம் காலை 8 மணி முதல் மாலை 4 மணி வரை.

ஒரு படகில் ஏறக்குறைய 150 பேர் போகலாம். மூன்று படகுகள் ஓடி, ஒவ்வொன்றும் அரைமணிக்கு ஒரு நடை போனால் மணிக்கு 900 பேர். ஒருவர் பாறையில் இரண்டு மணி நேரம் இருந்தால், எந்த நேரமும் அங்கே 1,800 பேர் இருப்பார்கள். திரும்பிவரும் வரிசையும் அதே அளவு நீளம் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். சிறப்புக் கட்டணச் சீட்டு கரையில் ஏறும் வரிசையைச் சுருக்கும். கடல் சீறினாலோ நீர்மட்டம் தாழ்ந்தாலோ எந்தச் சீட்டுக்கும் படகு ஓடாது.

2024 டிசம்பர் 30-ல் பாறைக்கும் சிலைக்கும் இடையே 77 மீட்டர் நீளக் கண்ணாடிப் பாலம் திறக்கப்பட்டது. முன்பு பாறையிலிருந்து சிலைக்கு இன்னொரு படகு வேண்டும்; அங்கே நீர்மட்டம் தாழ்ந்தால் சிலை நாளெல்லாம் எட்டாமல் இருக்கும். இப்போது நடந்து போகலாம். ஆனால் நடந்து பார்க்கும் நேரம் கூடியதால் ஒருவர் கடலில் தங்கும் நேரமும் கூடியது; முன்பு சொன்ன கணக்கின்படி, அதற்கேற்பப் பாறையில் ஆட்களும் கூடுவார்கள். திருநெல்வேலியிலிருந்து போகிறவர்கள் முதல் படகைப் பிடிப்பதே நல்ல ஏற்பாடு.

பொதிகையின் உச்சி

தாமிரபரணி பிறக்கும் பொதிகை மலையின் உச்சியான அகத்தியர்கூடம் 1,868 மீட்டர் உயரம். பொதுமக்கள் இப்போது ஏறுவது கேரளத்தின் போனக்காடு வழியே. கேரள வனத்துறை ஜனவரி, பிப்ரவரி ஆகிய மாதங்களில் சில வாரங்களுக்கு மட்டும் அனுமதி தருகிறது. நாள் ஒன்றுக்குச் சுமார் 100 பேர். ஏறி இறங்க மூன்று நாள். இரவு தங்க அதிருமலை முகாம். முகாமில் எத்தனை பேர் படுக்க முடியும் என்பதே இங்கே எண்ணிக்கையை முடிவு செய்கிறது. 2018-ல் கேரள உயர் நீதிமன்றம் அளித்த தீர்ப்புக்குப் பின், 2019 முதல் பெண்களும் ஏறுகிறார்கள்.

முன்பதிவு திறந்த சிறிது நேரத்தில் இடங்கள் தீர்ந்துவிடும் சீட்டு இது. அடையாள எண், புகைப்படம் முதலியவற்றை முன்பே தயாராக வைத்திருப்பவருக்கே கிடைக்கும். தமிழ்நாட்டு வனத்துறையும் 2024 அக்டோபரில் 40 மலையேற்றப் பாதைகளை இணைய முன்பதிவோடு திறந்தது. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் பலர் உயிரிழந்த பின் வந்த விதிகளின்படி, அனுமதியும் வழிகாட்டியும் இல்லாமல் காட்டுப்பாதையில் ஏறுவது குற்றம். காட்டுத்தீப் பருவத்தில் இந்தப் பாதைகள் மூடப்படும்.

டோக்கன் வரிசையும் மலை ஊர் இ-பாஸும்

திருநெல்வேலியிலிருந்து தென்காசி, செங்கோட்டை, ஆரியங்காவு வழியாகச் சபரிமலை போகிறவர்கள் மெய்நிகர் வரிசை என்னும் முன்பதிவை எடுத்துக்கொண்டு புறப்பட வேண்டும். 2011-ல் கேரளக் காவல்துறை தொடங்கிய இந்த ஏற்பாடு இப்போது திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டின் பொறுப்பில் உள்ளது. நாளும் நேரமும் குறித்த அனுமதியோடு போகிறவர்களுக்கும் நேரில் பதிவு செய்வோருக்கும் தனித்தனி ஒதுக்கீடு உண்டு. இங்கே சீட்டு தருவது வரிசைக்குள் நுழையும் நேரத்தை; சன்னிதியை அடையும் நேரத்தை அல்ல. திருமலையின் இலவச தரிசன டோக்கனும் 300 ரூபாய்ச் சிறப்பு நுழைவுச் சீட்டும் இதே வகை.

டோக்கன் முறை வரிசையை ஒழிப்பதில்லை, இடம் மாற்றுகிறது. எங்கே டோக்கன் கொடுக்கிறார்களோ அங்கே கூட்டம் சேரும். 2025 ஜனவரி 8 அன்று வைகுண்ட வாசல் தரிசன டோக்கனுக்காகத் திருப்பதியில் கூடிய நெரிசலில் ஆறு பேர் உயிரிழந்தனர். முதியவர்களையும் குழந்தைகளையும் அழைத்துப் போகிறவர்கள் இணையத்தில் நேரம் எடுத்துக்கொண்டு, நேரில் டோக்கன் தரும் கவுண்டரைத் தவிர்ப்பதே பாதுகாப்பு.

நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் கட்டாயம். 2025 ஏப்ரல் முதல் கோடைக்காலத்துக்கு எண்ணிக்கையும் வைத்தார்கள்: நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000, கொடைக்கானலுக்கு 4,000, 6,000. இங்கே எண்ணப்படுவது வண்டி, ஆள் அல்ல. அரசுப் பேருந்தில் போகிறவருக்கு இ-பாஸ் தேவையில்லை.

ஒரு நாளைத் திட்டமிடுதல்

நேரம் தவறினால் என்ன ஆகும் என்பது சீட்டின் வகையைப் பொறுத்தது. நுழையும் நேரச் சீட்டில் சிறிது சலுகை கிடைக்கலாம், கேட்டுப் பார்க்கலாம். நாள் எண்ணிக்கைச் சீட்டில் அந்த நாள் போனால் சீட்டும் போயிற்று. பணம் திரும்புவதும் அரிது. வாசல் நேரத்தில் சலுகை என்ற பேச்சே இல்லை. மூடிய சாவடியை யாருக்காகவும் திறக்க மாட்டார்கள்.

எனவே ஒரே நாளில் இரண்டு இடம் போகிறவர்கள் கண்டிப்பான வாசலை முதலிலும், தளர்வானதைப் பிறகும் வைத்துக்கொள்ள வேண்டும். திருநெல்வேலியிலிருந்து பாபநாசம் ஏறக்குறைய 50 கிலோமீட்டர். காலை ஆறரை மணிக்குப் புறப்பட்டால் சாவடி வரிசை நீளுமுன் சேரலாம். அகஸ்தியர் அருவியில் குளித்து, சொரிமுத்து அய்யனார் கோயில் பார்த்துவிட்டுப் பிற்பகலில் இறங்கினால், பாபநாசநாதர் கோயிலில் மாலை நடை திறக்கும்போது போய் நிற்கலாம். வரிசையை மாற்றினால், கோயிலில் நடை திறக்கக் காத்திருந்து, சாவடியில் நேரம் முடிந்ததென்று திரும்ப நேரும்.

பாபநாசத்தையும் மணிமுத்தாற்றையும் ஒரே நாளில் சேர்ப்பவர்கள் இரண்டு சோதனை, இரண்டு வரிசை, ஒரே மாலை என்பதைக் கணக்கில் வைக்க வேண்டும். விடுமுறை நாட்களில் அது பெரும்பாலும் இரண்டையும் அரைகுறையாக்கும். இந்தப் படுகையில் ஒரு நாளுக்கு ஒரு காட்டு வாசல் என்பதே சரியான அளவு.